ஐஸ் ஹொக்கிக்காரர்கள் எங்கிருந்துதான் வருகிறார்கள்? நுவரெலியாவிலிருந்து ஏன் வருவதில்லை?

வெள்ளவத்தைக் காற்று | ஞாயிறு, மாலை 5.10

நேற்றுப் பின்னேரம் நான்கு மணி. மின்விசிறியை ஐந்தில் விட்டும் சேர்ட் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கனடாவின் ஸ்காபரோவிலிருந்து அண்ணன் வீடியோவில் வந்தான். அங்கே விடிகாலை ஐந்தரை. போனை வாங்கில் சாய்த்து வைத்துவிட்டு, நிலத்தில் முழங்காலிட்டு மகனின் ஸ்கேட் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இழுவைக்கும் வாயிலிருந்து புகை வந்தது. பெறாமகனுக்கு ஒன்பது வயது. அரைத் தூக்கத்தில் திரையைப் பார்த்து, "சித்தப்பா, கொழும்பில் நீங்கள் எந்த ரிங்குக்குப் போவீர்கள்?" என்றான்.

ரிங்க் என்றால் ஸ்கேட் ஓடும் ஐஸ் தளம். "எங்களிடம் ஐஸ் கோப்பிதான் இருக்கிறது ராசா" என்று சமாளித்தேன்.

பொடியன் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்) வரை போகவேண்டும் என்பது அண்ணனின் கனவு. எனக்குக் கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. இந்த விளையாட்டைச் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? குளிர்தான் காரணம் என்றால் எல்லாக் குளிர் நாடுகளிலிருந்தும் வரவேண்டுமே? நுவரெலியாவில் தை மாதம் புல்லில் உறைபனி விழுகிறது, அங்கிருந்து ஒருவராவது வந்தாரா? (சிரிக்கவேண்டாம்.) தெரிந்தவர்கள் கதையுங்கள்.

எண்கணக்கு | ஞாயிறு, மாலை 6.02

முதலில் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்வோம். என்.எச்.எல்.லில் 32 அணிகள். 25 அமெரிக்காவில், 7தான் கனடாவில். ஆனால் ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கனடாக்காரர்கள். அமெரிக்கர்கள் முப்பதுக்குச் சற்றுக் குறைவு. மிச்சத்தில் சுவீடன் முன்னுக்கு நிற்கிறது. பிறகு ரஷ்யாவும் பின்லாந்தும், அதற்குப் பின்னால் செக். ஸ்லோவாக்கியா, சுவிஸ், ஜேர்மனி, லத்வியா, டென்மார்க் எல்லாம் கைவிரல் கால்விரலுக்குள் எண்ணி முடிக்கலாம்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1967 வரை ஆறே ஆறு அணிகள். ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் கனடாவில் பிறந்தவர்கள். அந்த வருடம் அணிகள் பன்னிரண்டு ஆகின. 1972இல் கனடாவின் சம்பள நட்சத்திரங்களும் சோவியத் அணியும் எட்டு ஆட்டங்கள் மோதினார்கள். கனடா ஊதித் தள்ளிவிடும் என்று ஊரே நினைத்திருக்க, முதல் ஆட்டத்தில், அதுவும் மொன்றியலில் வைத்தே, சோவியத் 7-3 என்று சாத்தியது. கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் போல் ஹெண்டர்சன் போட்ட கோலால்தான் கனடா தொடரை வென்றது.

அடுத்த வருடம் சுவீடனிலிருந்து போர்யே சால்மிங் ரொறன்ரோவுக்கு வந்தார். ஐரோப்பியன் அடி தாங்கமாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்களை, அதே ஊரில் 16 சீசன் ஆடி மூடினார். 1980இல் பீட்டர் ஸ்டாஸ்ட்னியும் தம்பியும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தப்பி கியூபெக்குக்கு வந்தார்கள். சோவியத் ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது 1989இல். ஆகவே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கடவுச்சீட்டில் இருக்கிறது. ஆட்கள் முன்பே இருந்தார்கள். வெளியே விடவில்லை.

காலிமுகக் கச்சான் | ஞாயிறு, மாலை 6.20

குளிர் இருக்கிற இடத்தில் ஐஸ். ஐஸ் இருக்கிற இடத்தில் ஐஸ் ஹொக்கி. இழை முடிந்தது, கடையைச் சாத்துங்கள்.

எண்கணக்கு | ஞாயிறு, மாலை 6.41

கச்சான், அவ்வளவு லேசு என்றால் நோர்வேயை விளக்குங்கள். பின்லாந்திலும் நோர்வேயிலும் சனத்தொகை கிட்டத்தட்ட ஒன்று, ஐம்பத்தைந்து லட்சம் அளவு. இரண்டும் பனி, இரண்டும் பணக்கார நாடு. பின்லாந்திலிருந்து வருடா வருடம் டசின் கணக்கில் என்.எச்.எல்.லில் ஆடுகிறார்கள். நோர்வே என்றால் மட்ஸ் சுக்கரெல்லோ, அதற்குப் பிறகு யோசித்துத்தான் பெயர் சொல்லவேண்டும். அங்கே பிள்ளை நடக்கத் தொடங்கியதும் காலில் கட்டுவது பனிச்சறுக்குப் பலகை. காட்டுக்குள் போய்விடுகிறான்.

ஒல்லாந்துக்காரரைப் பாருங்கள். வாய்க்கால் உறைந்தால் நாடே ஸ்கேட்டோடு இறங்கும். ஆனால் நேராக வேகமாக ஓடத்தான் அவர்களுக்குப் பிடிக்கும், கையில் தடி இல்லை. ஜப்பானின் சப்போரோ 1972 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திய ஊர். அப்படியிருந்தும் ஜப்பானில் பிறந்து வளர்ந்த ஒருவர் என்.எச்.எல்.லில் முதன்முதலாக இறங்கியது 2007இல்தான், யுட்டாகா புக்குபுஜி என்ற கோல்காப்பாளர். நான்கு ஆட்டம்.

காலிமுகக் கச்சான் | ஞாயிறு, மாலை 6.44

சரி, கடை திறந்திருக்கட்டும்.

பழைய ஸ்காபரோவாசி | ஞாயிறு, இரவு 9.15

பன்னிரண்டு வருடம் அங்கே குப்பை கொட்டிவிட்டு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வந்தவன் நான். வெள்ளவத்தைத் தம்பி, உங்கள் அண்ணன் ஏன் ஐந்தரைக்கு அங்கே நிற்கிறார் தெரியுமா? அந்தக் காலை நேரத்தில்தான் இந்த விளையாட்டின் முழுக் கதையும் இருக்கிறது.

ரிங்க் ஒன்று, ஊர் முழுக்கப் பிள்ளைகள். பின்னேர நேரமெல்லாம் பெரிய பெடியன்களின் அணிகளுக்கும், வேலை விட்டு வரும் பெரியவர்களின் லீக்குக்கும், நடனம்போலச் சுழன்று ஸ்கேட் பழகும் பிள்ளைகளுக்கும் போய்விடும். சின்னவர்களுக்கு மிஞ்சுவது விடியற்காலை. ஐஸை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கவேண்டும், ரொறன்ரோவில் மணிக்கு நூற்றுக்கணக்கில் டொலர். எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி என்றால் அவர்களுக்கு ஐஸ் நேரம். அதற்குத்தான் சண்டை, அதற்குத்தான் செல்வாக்கு.

அதுக்கு மேல் சாமான் செலவு. நல்ல தடி ஒன்று முன்னூறு டொலருக்கு மேல், முறிந்தால் முறிந்ததுதான். ஸ்கேட் வருடத்துக்கு ஓர் அளவு கூடும். கோல்காப்பாளன் என்றால் தகப்பன் இரண்டாவது வேலை தேடவேண்டும். அந்தப் பையின் மணத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். மழைக்காலத்தில் மூன்று நாள் காயாத சப்பாத்துக்குள் கருவாடு வைத்த மாதிரி. காரின் பின்பக்கத்தில் அது ஏழு மாதம் எங்களோடு குடியிருந்தது.

என் மகன் பன்னிரண்டு வயதில் விட்டான். அவனை எடுத்த கழகம் (பெயர் வேண்டாம்) சீசன் தொடக்கத்தில் ஒரு தொகை சொன்னது. நடுவில் சுற்றுப்பயணம், ஹோட்டல், புதுச் சீருடை என்று இன்னொரு தொகை. உச்சப் பிரிவில் ஆடினால் வருடம் பத்தாயிரம் டொலரைத் தாண்டும். மனுசியும் நானும் ஓர் இரவு சமையலறையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அடுத்த நாள் பையை விற்றோம். இப்போது அவன் கூடைப்பந்து. ஒரு பந்து, ஒரு சோடிச் சப்பாத்து.

காலிமுகக் கச்சான் | ஞாயிறு, இரவு 9.32

அண்ணை, ஒரு சந்தேகம். என்.எச்.எல்.லில் ஆடிய பி.கே. சுப்பன் எங்கள் ஆள்தானே? எங்கள் அம்மம்மா சாகும்வரை அவரை வல்வெட்டித்துறை என்றுதான் நம்பியிருந்தார்.

பழைய ஸ்காபரோவாசி | ஞாயிறு, இரவு 10.05

ஹாஹா. ஸ்காபரோவில் பாதித் தமிழருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. பெயர் மட்டும்தான் நம்மூர். தகப்பன் கார்ல் சுப்பன் ஜமேக்காவிலிருந்து 1970இல் சட்பரி என்ற சுரங்க ஊருக்குச் சிறுவனாக வந்தவர். தாய் மொன்செராட் தீவு. கார்ல் சட்பரியில் பிரெஞ்சு பேசும் பெடியன்களோடு தெருவில் ஹொக்கி ஆடித்தான் ஊரோடு ஒட்டினார். தான் ஆடமுடியாததைப் பிள்ளைகள் ஆடட்டும் என்று நினைத்தார்.

அவர் செய்ததுதான் சுவாரசியம். ரொறன்ரோ நகரசபைக்கு முன்னால், நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில், திறந்த ரிங்க் ஒன்று இருக்கிறது. அங்கே ஆடக் காசு கட்டத் தேவையில்லை. கார்லுக்குப் பள்ளிக்கூடத்தில் இரவு வேலை. வேலை முடித்து வந்து, தூங்கும் பி.கே.யை எழுப்பி, அந்த நேரத்தில் அங்கே கொண்டுபோவாராம். சனம் குறைவு, ஐஸ் முழுக்கப் பிள்ளைக்கு. பி.கே. 2013இல் அந்த வருடத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நொரிஸ் கிண்ணத்தை வாங்கினார். தம்பிமார் இருவரையும்கூட என்.எச்.எல். அணிகள் தெரிவு செய்தன. பணம் இல்லாத மனிதர் காசில்லாத ஐஸ் நேரத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான் வித்தை.

மாத்தளைத் தடி | திங்கள், காலை 7.48

நான் புல்லில் ஆடும் ஹொக்கிக்காரன். இப்போது தெகிவளையில் இருந்தாலும் பிறந்தது மாத்தளை. இந்த இழையைப் பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்து இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

இலங்கை ஹொக்கியைப் பற்றிக் கதைத்தால் மாத்தளைப் பெயர் வராமல் போகாது. ஏன் மாத்தளை? அங்கே புல் வேறு மாதிரியா முளைக்கிறது? இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மைதானத்துக்கு நடந்தே போகலாம். அங்கே போன வருடம் பாடசாலைக்கு ஆடிய அண்ணன் நிற்பார், முப்பது வருடத்துக்கு முன் ஆடிய மாமா வேலியில் சாய்ந்து நிற்பார். நீ பந்தைப் பிழையாகத் தடுத்தால் மாமா வேலிக்கு அப்பால் இருந்தே பேசுவார். சம்பளம் இல்லாத பயிற்சியாளர்கள் இருபது பேர். கொழும்பில் செயற்கைத் தளம் இருக்கிறது, ஆனால் பிள்ளை அங்கே போக வான் பிடிக்கவேண்டும், டியூஷனை விடவேண்டும்.

ஐஸ் ஹொக்கியிலும் அதே கதை என்பதை ஒரு சுவீடன் ஊரைப் பார்த்துத்தான் நம்பினேன். ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்று பெயர் (எழுதி முடிக்கவே மூச்சு வாங்குகிறது). வடக்கே கடலோரம், காகித ஆலைப் பக்கம், மாத்தளை நகரம்போலச் சின்ன ஊர். அங்கே 1973 ஜூலை 20இல் பீட்டர் போர்ஸ்பெர்க் பிறந்தார். பத்து நாள் கழித்து ஜூலை 30இல் அதே ஊரில் மார்க்கஸ் நாஸ்லுண்ட். 1980இல் செடின் இரட்டையர்கள். 1990இல் விக்டர் ஹெட்மன். எல்லோரும் ஒரே கழகம், மோடோ. எல்லோரும் என்.எச்.எல்.லில் முதல் வரிசை ஆட்கள். குளிர் முழு சுவீடனுக்கும் பொது. அப்படியானால் இந்த ஊரில் என்ன விசேடம்? போர்ஸ்பெர்கின் தகப்பன் கென்ட் பயிற்சியாளர். வேலியில் சாய்ந்து நின்ற மாமா!

கனடாவில் அல்பேர்ட்டாவில் வைக்கிங் என்று ஓர் ஊர், ஆயிரம் பேர் அளவு. அங்கே சட்டர் குடும்பத்தில் ஏழு ஆண்பிள்ளைகள். அதில் ஆறு பேர் என்.எச்.எல்.லில் ஆடினார்கள். பண்ணை வீடு. குளம் உறைந்தால் குளத்தில், உறையாவிட்டால் வைக்கோல் வைக்கும் பரணில் தடியும் பந்துமாக. ஆறு அண்ணன் தம்பிகளுக்குள் கடைசியாய் இறங்குகிறவன் எத்தனை அடி வாங்கியிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். அவனுக்கு வேறு பயிற்சி எதற்கு?

ஸ்லோவாக்கியாவின் ட்ரென்சினும் அப்படித்தான். ஸ்டேனோ ஹாரா, மரியன் காபொரிக், மரியன் ஹோசா மூன்று பேரும் வளர்ந்தது அங்கே.

எண்கணக்கு | திங்கள், காலை 9.10

மாத்தளை அண்ணாவின் வாதத்துக்குக் கணக்கும் துணை நிற்கிறது. ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட ஊர்களில் பிறந்தவர்கள், சனத்தொகைக்கு ஒப்பிட்டால், தொழில்முறை அணிகளில் அதிகம் என்று விளையாட்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மாநகரத்தில் ரிங்குகள் கூட, ஆனால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. சஸ்கச்சுவான் மாகாணம் ஆகப் பெரிய உதாரணம். எங்கள் மேல் மாகாணத்தின் பாதிச் சனம்கூட அங்கே இல்லை, தலைக்கு இத்தனை என்று பார்த்தால் கனடாவிலேயே முன்னணி. என்.எச்.எல். ஜாம்பவான் கோர்டி ஹோ அங்கேதான் வளர்ந்தார். கஷ்டகாலத்தில் ஒரு பெண் வீட்டுப் பழைய சாமான்களைச் சாக்கில் போட்டு அவர் தாயிடம் விற்றாராம். சாக்கைக் கொட்டினால் ஒரு சோடி ஸ்கேட். ஆளுக்கு ஒன்றாக அக்கா தம்பி பிரித்துக்கொண்டார்கள். ஒற்றைக்கால் ஸ்கேட்டில் தொடங்கியவர் ஐம்பது வயது தாண்டியும் என்.எச்.எல்.லில் ஆடினார்.

குளிர்ப்பெட்டி மாஸ்டர் | திங்கள், பகல் 1.30

சோறு தின்றுவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருடம் குளிர்சாதன வேலை, மீன் களஞ்சியம் முதல் ஹோட்டல் வரை. யாரும் ஐஸ் எப்படி வருகிறது என்று கதைக்கவில்லை, ஆகவே என் பங்கு.

ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். சீமெந்துத் தளத்துக்குள் மைல் கணக்கில் குழாய். அதற்குள் கல்சியம் குளோரைட் உப்புநீர் மைனஸ் ஒன்பது, பத்துப் பாகையில் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே தண்ணீரை ஒரேயடியாக ஊற்றக்கூடாது. மெல்லிசாகத் தெளி, உறையவிடு, திரும்பத் தெளி. அப்பத்துக்கு மாவைச் சுழற்றுகிற மாதிரி ஒவ்வொரு படையாக, ஓர் அங்குலம் ஒன்றேகால் அங்குலம் வரும்வரை. ஆட்ட இடைவேளையில் பூசுவது சுடுதண்ணீர். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் சுடுதண்ணீர் கீறல்களின் விளிம்பை உருக்கிப் பழைய ஐஸோடு நன்றாக ஒட்டும், அதற்குள் காற்றும் குறைவு.

கொழும்பில் கட்டமுடியாதா? கட்டலாம். எதிரி வெயில் இல்லை, ஈரம். எங்கள் காற்றை உள்ளே விட்டால் தளத்துக்கு மேல் பனிமூட்டம் எழும், கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து ஐஸில் பரு பருவாய் நிற்கும். குளிராக்குவதற்கு ஒரு பில், காற்றைக் காயவைப்பதற்கு இன்னொரு பில். மின்கட்டணப் பட்டியலைப் பார்த்தால் முதலாளி தானாக உறைந்துவிடுவார்.

இன்னொன்று. ஐஸை வழித்துப் பூசும் அந்தப் பெரிய வண்டியை 1949இல் செய்தவர் பிராங்க் சம்போனி. கனடாக்காரர் இல்லை, பனி காணாத தென் கலிபோர்னியாவில் பரமவுண்ட் என்ற ஊர்க்காரர். ஐஸ் கட்டி விற்ற குடும்பம். வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி வந்து வியாபாரம் படுத்ததும், இருந்த இயந்திரங்களை வைத்து ரிங்க் கட்டினார்கள். தளத்தைச் சரிசெய்ய மூன்று பேருக்கு ஒன்றரை மணித்தியாலம் போவதைப் பார்த்துப் பொறுக்காமல் வண்டி செய்தார். குளிர்சாதனத் தொழிலாளி எவனுக்கும் இந்தக் கதை பிடிக்கும்.

வெள்ளவத்தைக் காற்று | திங்கள், பகல் 2.05

மாஸ்டர், அருமை. அப்படியென்றால் மணிலா, பாங்கொக் எல்லாம்?

குளிர்ப்பெட்டி மாஸ்டர் | திங்கள், பகல் 2.20

கடைத்தொகுதிக்குள் கட்டுகிறார்கள். சனம் சாமான் வாங்க வரும், ஐஸ் பார்த்து நிற்கும். 2017 தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் ஐஸ் ஹொக்கித் தங்கம் பிலிப்பைன்ஸுக்கு. நம்பமுடிகிறதா? ஆனால் அங்கிருந்து என்.எச்.எல்.லுக்கு வெகு தூரம்.

எண்கணக்கு | திங்கள், மாலை 4.40

வெள்ளவத்தைக் காற்று, ஒரு தனிப்பட்ட கேள்வி. பொடியன் பிறந்த மாதம் என்ன?

வெள்ளவத்தைக் காற்று | திங்கள், மாலை 4.52

டிசெம்பர் 9. ஏன்? சாதகம் பார்க்கப் போகிறீர்களா?

எண்கணக்கு | திங்கள், மாலை 5.30

ஏறக்குறைய. கனடாவில் சிறுவர் ஹொக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1இலிருந்து டிசெம்பர் 31 வரை. இங்கே முதலாம் வகுப்புக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்கவேண்டும் என்பதுபோல. பெப்ரவரி பிறந்த பிள்ளை வகுப்பில் மூத்தவன், ஜனவரிப் பிள்ளை கடைக்குட்டி, தெரியும்தானே. ஒன்பது வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது இரண்டு அங்குல உயரம் மாதிரி. மூத்தவனைப் பார்த்துப் பயிற்சியாளர் "கெட்டிக்காரன்" என்கிறார், நல்ல அணியில் எடுக்கிறார், அவனுக்கு ஐஸ் நேரம் கூடுகிறது, பிறகு உண்மையிலேயே கெட்டிக்காரன் ஆகிவிடுகிறான். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1985இல் இதை எழுதினார். உச்ச அணிகளில் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்களைவிட மிக அதிகம். இந்த விளையாட்டின் பெரிய நட்சத்திரங்களைப் பாருங்கள். கிரெட்ஸ்கி ஜனவரி 26. மக்டேவிட் ஜனவரி 13. ஹோ மார்ச் 31.

மனம் தளரவேண்டாம். மாத்தளை அண்ணா சொன்ன ஹெட்மன் டிசெம்பர் 18.

காலிமுகக் கச்சான் | திங்கள், மாலை 5.34

பிள்ளை பெறுவதற்கும் சீசன் பார்க்கவேண்டுமா? கடவுளே.

பம்பலப்பிட்டி அக்கா | திங்கள், இரவு 8.15

இவ்வளவு எழுதினீர்களே, தாய்மார் எங்கே? ரஷ்ய நட்சத்திரம் ஒவெச்கினின் தாய் தத்தியானா கூடைப்பந்தில் சோவியத்துக்கு 1976, 1980 என்று இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். மகன் 2025 ஏப்ரலில் 895ஆவது கோலை அடித்து கிரெட்ஸ்கியின் என்.எச்.எல். கோல் சாதனையை உடைத்ததற்குத் தகப்பன் வழியில் மட்டும் காரணம் தேடாதீர்கள்.

பெண்களும் ஆடுகிறார்கள். 1998இல் ஒலிம்பிக்கில் சேர்ந்த நாளிலிருந்து பெண்கள் தங்கம் கனடா, அமெரிக்கா தாண்டி எங்கும் போனதில்லை. காரணம் கேட்டால் குளிர் என்றுதான் சொல்வீர்கள். பின்லாந்துப் பெண்களுக்குக் குளிர் குறைவா? வட அமெரிக்காவில் பெண்பிள்ளைக்கும் பள்ளிக்கூட அணி, பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசில் இருந்தது. சம்பளத்தோடு ஒழுங்கான லீக் அங்கேயே 2024 ஜனவரியில்தான் வந்தது.

எங்களுக்குக் கிட்ட லடாக்கைப் பாருங்கள். லே பதினோராயிரம் அடிக்கு மேல். நெடுங்காலம் குளம் உறைந்தால்தான் ஆட்டம், இரண்டு மாதமும் ஒழுங்காக இல்லை. இந்திய அணியில் பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான். ஆரம்பத்தில் இராணுவக்காரர் விட்ட பழைய ஸ்கேட், காலுக்கு அளவில்லாமல். குளிர் தாராளம். ஆனால் பத்து மாதம் ஐஸ் இல்லாவிட்டால் கால் மறந்துவிடும். கச்சானின் "குளிர் இருந்தால் போதும்" கதையை லேயில் போய்ச் சொல்லுங்கள், பொம்பிளைப் பிள்ளைகள் தடியால் பதில் சொல்வார்கள்.

பழைய ஸ்காபரோவாசி | திங்கள், இரவு 9.50

அக்கா சொன்னதோடு சேர்த்து ஒன்று. மாத்தளைத் தம்பியின் சின்ன ஊர்க் கதை அழகு, ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பழங்கதை ஆகிறது என்பது என் எண்ணம்.

1988 ஓகஸ்ட் 9இல் எட்மன்ரன் அணி வெய்ன் கிரெட்ஸ்கியை லொஸ் ஏஞ்சலீஸுக்கு விற்றது. கனடாவில் இழவு விழுந்த வீடுபோல இருந்ததாம், நாடாளுமன்றத்திலேயே கதைத்தார்கள். கலிபோர்னியாவில் ஹொக்கி சூடு பிடித்தது. 1991இல் சான் ஹொசே, 1993இல் அனஹெய்ம் அணிகள் வந்தன. 1996இல் வின்னிபெக் அணியைப் பாலைவனத்துக்கு, பீனிக்ஸுக்குப் பெயர்த்தார்கள். அந்தப் பாலைவனத்தில் வளர்ந்த ஒரு பொடியன் அந்த ஆட்டங்களைப் பார்த்து ஹொக்கி பிடித்துப்போய், 2016இல் என்.எச்.எல். அணிகள் புது ஆட்டக்காரரைப் பிடிக்கும் வருடாந்தத் தெரிவில் முழு உலகத்திலும் முதல் ஆளாகத் தெரிவானான். ஒஸ்டன் மத்யூஸ். தாய் மெக்சிக்கோ. ஸ்கொட்ஸ்டேல் ஊரில் கோடையில் நாற்பது பாகை தாண்டும். ஊரில் அணி வந்தது, அணி வந்ததால் ரிங்க் வந்தது, ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் அங்கேயே வீடு வாங்கிப் பயிற்சி கொடுத்தார்கள். வேலியில் சாய்ந்த மாமா பாலைவனத்துக்கும் வந்துவிட்டார், ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு.

பழைய காலத்தில் சுரங்க ஊர், இரும்பாலை ஊர், பண்ணை என்று வந்தார்கள். இப்போது வசதியான புறநகர், தகப்பன் பழைய ஆட்டக்காரர், கோடையிலும் ஐஸ். சுப்பன்மார் இனி வரவேண்டுமென்றால் நகரசபை ரிங்குகள் பூட்டாமல் இருக்கவேண்டும்.

மாத்தளைத் தடி | திங்கள், இரவு 10.20

அண்ணை, முழுசாக ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆன்ஷே கோப்பிட்டார்? ஸ்லோவேனியா, இருபது லட்சம் சனம், நாடு முழுவதும் ரிங்குகளைக் கைவிரலால் எண்ணலாம். யெசெனிச்சே இரும்பாலை ஊர்ப் பக்கத்துக் கிராமம். தகப்பன் ஆட்டக்காரர், வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் விட்டுத் தானே ரிங்க் செய்து கொடுத்தார். 2006இல் அந்த நாட்டிலிருந்து என்.எச்.எல்.லுக்குப் போன முதல் ஆள். 2012, 2014 இரண்டு ஸ்டான்லி கிண்ணம் (என்.எச்.எல். வெற்றிக் கிண்ணம்), பயிற்சியாளர் வைக்கிங்கின் டரில் சட்டர். பண்ணைப் பரணில் அடி வாங்கியவரும் கொல்லைப்புற ஐஸில் வளர்ந்தவரும் லொஸ் ஏஞ்சலீஸில் சேர்ந்து கிண்ணம் தூக்கினார்கள்.

பழைய ஸ்காபரோவாசி | திங்கள், இரவு 10.31

2006 என்பது இருபது வருடக் கதை தம்பி. இருந்தாலும் அந்தத் தகப்பனுக்குத் தண்ணீர் பில் யார் கட்டினார் என்று கேட்கத் தோன்றுகிறது.

வெள்ளவத்தைக் காற்று | செவ்வாய், மாலை 4.25

இழையை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். இன்று அதே நேரம், அதே வாங்கு. டிசெம்பர் கதையைக் கேட்டுக் கொஞ்சம் முகம் சுருங்கினான். பிறகு, "காலையில் அவனோடு காரில் வரும் இருபது நிமிடம் எனக்குக் காணும், அவன் எங்கே போனாலும் போகட்டும்" என்றான். பத்தாயிரம் டொலர்ப் பிரிவுக்கு இந்த வருடம் போடவில்லையாம். வீட்டுக்குக் கிட்ட உள்ள பூங்கா ரிங்கில் இரவு எத்தனை மணிவரை விளக்கு எரியும் என்று விசாரிக்கப் போகிறானாம். சுப்பனின் தகப்பன் வேலை செய்திருக்கிறார்.

அடுத்த செய்தி, பள்ளி விடுமுறைக்கு வருகிறார்கள். பொடியன் சில்லு வைத்த ஸ்கேட்டும் தடியும் கட்டிவிட்டானாம். வெள்ளவத்தைப் பக்கம் குழி இல்லாத, தார் நன்றாக உள்ள ஒழுங்கை யாருக்காவது தெரியுமா?

காலிமுகக் கச்சான் | செவ்வாய், மாலை 4.40

எங்கள் ஒழுங்கை. போன மாதம்தான் தார் போட்டார்கள், இன்னும் தண்ணீர்க் குழாய்க்காரர் வந்து கிண்டவில்லை. போயாவன்று காலை ஆறரைக்கு வாருங்கள், ஒரு முச்சக்கரவண்டியும் ஓடாது. ஐஸில் பந்துக்குப் பதில் அடிக்கும் அந்த ரப்பர் வட்டு வேண்டாம், கண்ணாடி உடைந்தால் கீழ் வீட்டு அன்ரி என்னை உடைத்துவிடுவார். டெனிஸ் பந்து இருக்கிறது.

பழைய ஸ்காபரோவாசி | செவ்வாய், மாலை 4.58

ஸ்காபரோத் தெருவிலும் டெனிஸ் பந்துதான். வாகனம் வந்தால் "கார்!" என்று கத்திக் கோலைத் தூக்கி ஓரமாக வைப்பார்கள்.

காலிமுகக் கச்சான் | செவ்வாய், மாலை 5.01

நாங்கள் விக்கெட்டை.

மாத்தளைத் தடி | செவ்வாய், மாலை 5.15

நானும் வருகிறேன். வேலியில் சாய்ந்து நிற்க ஓர் ஆள் வேண்டும்.